தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு

பட்டிமன்றத் தலைப்பு: கடலோரக் குடும்பத்தின் நாளைய சோற்றுக்கு வழி – பிடிப்பதா? வளர்ப்பதா? காப்பதா?

‘காப்பதே’ என்ற அணியில் பேசியது

அன்பும் பண்பும் நிறைந்த நடுவர் அவர்களே! ‘பிடிப்பதே’ என்று வலை வீசிவிட்டுப் போயிருக்கிற முதல் அணி நண்பர்களே! ‘வளர்ப்பதே’ என்று குளம் வெட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிற இரண்டாம் அணி நண்பர்களே! இந்தப் பொன்னேரி மண்ணிலே திரண்டிருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! வீட்டிலே சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கும் அன்பு நெஞ்சங்களே!

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால பேசின ரெண்டு பேரும் என்னை ரொம்பச் சோதிச்சிட்டாங்க. முதல்ல பேசினவரு இறால் தொக்கைப் பத்திப் பேசினாரு. அடுத்து வந்த அம்மா நண்டு ரசத்தைப் பத்திப் பேசினாங்க. மணி எட்டரை ஆகுது. இப்ப நான் எழுந்து நின்னு ‘காப்போம்’னு சொன்னா, கூட்டம் என்ன நினைக்கும்? ‘சாப்பிடுற நேரத்துல இவன் எதுக்கு வந்தான்’னு நினைக்காதா? (சிரிப்பு)

நடுவர்: உங்களுக்கு ஒரு தட்டு எடுத்து வச்சிருக்கு. தைரியமாப் பேசுங்க. (சிரிப்பு)

நன்றி ஐயா. அந்தத் தட்டுல இன்னைக்கு இறால் இருக்கு. என் கவலையெல்லாம் அடுத்த தலைமுறையோட தட்டுல என்ன இருக்கப் போகுதுங்கிறதுதான். (கைதட்டல்)

முதல்ல ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன். நாங்க வலைக்கு எதிரி இல்லை. குளத்துக்கும் எதிரி இல்லை. ‘காப்பது’ன்னா ஏரியைச் சுத்தி முள்வேலி போட்டு, பூட்டுப் போட்டு, சாவியை அதிகாரி கையில குடுக்கறதுன்னு எதிரணி நண்பர் சொன்னாரு. இல்லவே இல்லை. காப்பதுன்னா என்னன்னு சொல்லணும்னா, இறாலோட குடும்பக் கதையை முதல்ல சொல்லணும். ஒரு அஞ்சு நிமிஷம் கேளுங்க. இது மாமியார் மருமகள் கதையை விட சுவாரசியமா இருக்கும்.

நம்ம பழவேற்காடு ஏரி இருக்கே, அது ஏரின்னு பேரு. உண்மையிலே அது ஏரியும் இல்லை, கடலும் இல்லை. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் சுவர்ணமுகியும் நல்ல தண்ணியைக் கொண்டு வருது. கடல் உப்புத் தண்ணியைக் கொண்டு வருது. ரெண்டும் கலந்து நிக்கிற இடம். இந்தியாவிலே ஒடிசாவிலே இருக்கிற சிலிகாவுக்கு அடுத்தபடியா இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவிலே, தெற்கு ஓரம் நம்ம திருவள்ளூர் மாவட்டத்திலே. பல இடத்துல இடுப்பளவு தண்ணிதான். 1613-லே டச்சுக்காரன் இங்கே கோட்டை கட்டினான். கோட்டை போச்சு, டச்சுக்காரன் போனான், கல்லறை மட்டும் இருக்கு. ஏரி இன்னும் சோறு போட்டுக்கிட்டு இருக்கு. (கைதட்டல்)

இந்த ஏரியிலே இறால் எப்படி வருது? இங்கேயே முட்டை போட்டு இங்கேயே பொரிக்குதுன்னு நிறையப் பேரு நினைக்கிறாங்க. கிடையாது. வெள்ளை இறாலும் சரி, டைகர்னு சொல்ற வரி இறாலும் சரி, பிறக்கறது கடல்ல. தாய் இறால் ஒரு தடவையிலே லட்சக்கணக்கிலே முட்டை போடும். ஒரு நாளைக்குள்ள பொரிஞ்சிடும். பொரிஞ்சது பார்க்க இறால் மாதிரியே இருக்காது. சட்டை மாத்தற மாதிரி உருவத்தை மாத்தி மாத்தி, ரெண்டு மூணு வாரத்துல குட்டியூண்டு இறால் குஞ்சா ஆகும். விரல் நகம் அளவு. அந்தக் குஞ்சு என்ன செய்யுது தெரியுமா? அலையோட வந்து, முகத்துவாரம் வழியா ஏரிக்குள்ளே நுழையுது. ஏன்னா ஏரியிலே பெரிய மீன் தொந்தரவு குறைவு, தீனி அதிகம். சேறு, புல், அலையாத்தி வேர் இதுக்குள்ளே ஒளிஞ்சு வளருது. சில மாசம் தின்னு கொழுத்து, பருவத்துக்கு வர்ற நேரத்துல, மறுபடியும் அதே முகத்துவாரம் வழியாக் கடலுக்குப் போகுது. எதுக்கு? முட்டை போட!

தாய்மார்களே, இது உங்களுக்குப் புரியும். நம்ம வீட்டுப் பொண்ணு எங்கே வாழ்ந்தாலும் தலைப்பிரசவத்துக்கு எங்கே வரும்? தாய் வீட்டுக்கு! இறாலுக்கு ஏரி வாழ்ற வீடு. கடல் தாய் வீடு. பிரசவத்துக்குத் தாய் வீடு போகணும்னு இறாலுக்கு யாரு ஐயா சொல்லிக் குடுத்தா? (பலத்த கைதட்டல்)

நண்டுக் குடும்பத்தைப் பாருங்க. சேற்று நண்டு, அந்தப் பெரிய கொடுக்குக்காரன், உயிரோட கட்டி விமானம் ஏத்தி சிங்கப்பூர் வரைக்கும் போறானே, அவன் குடும்பமும் இதே கதைதான். பெண் நண்டு சினை பிடிச்சு, வயித்துக்கு அடியிலே லட்சக்கணக்கான முட்டையைச் சுமந்துக்கிட்டு, கடலுக்குப் போய்த்தான் பொரிக்கும். ஆண் நண்டு இருக்கே, அதைக் கேளுங்க. பெண் நண்டு ஓட்டைக் கழட்டிட்டு உடம்பு பஞ்சு மாதிரி இருக்கிற நேரத்துல எதிரி வந்தா தப்பிக்க முடியாது. அந்த நாள்கள்ல ஆண் நண்டு அதைத் தன் வயித்துக்குக் கீழே வச்சு, காலால அணைச்சு, நாள் கணக்காக் காவல் காக்கும். நம்ம வீட்டுல அம்மாவுக்குத் தலைவலின்னா, ‘மாத்திரை அலமாரியிலே இருக்கு பாரு’ன்னு பேப்பருக்குள்ளே இருந்து ஒரு குரல் வரும்! (பலத்த சிரிப்பு) நண்டு காப்பாத்துது நடுவர் அவர்களே! நண்டுக்குத் தெரிஞ்ச ‘காப்பது’ நமக்குத் தெரிய வேணாமா?

சரி, கதை புரிஞ்சிட்டது. இப்போ அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவிலே இருக்கிற வாசல்படி எது? முகத்துவாரம். அந்த வாசல் அடைச்சிட்டா? வெளியே இருக்கிற குழந்தை உள்ளே வர முடியாது. உள்ளே இருக்கிற புள்ளைத்தாய்ச்சி வெளியே போக முடியாது.

நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்கு மேற்கே இருந்து ஒரு ஆசிரியர் மாற்றலாகி வந்தாரு. கடலைச் சினிமாவிலே மட்டும் பார்த்தவரு. ஒரு பையன் ரெண்டு நாளா வரலை. மூணாம் நாள் வந்தவனைக் கூப்பிட்டு, ‘ஏண்டா வரலை?’ன்னாரு. ‘முகம் அடைச்சுப் போச்சு சார்’னான். ‘மூக்கு அடைச்சிருக்கும்டா. ஆவி பிடிச்சியா?’ன்னாரு. ‘மூக்கு இல்ல சார், முகம். ஆவி பிடிச்சாப் போகாது. ஜேசிபி வரணும் சார்’னான்! (பலத்த சிரிப்பு)

நீங்க சிரிக்கிறீங்க. அந்தப் பையன் அடுத்துச் சொன்னதைக் கேட்டா சிரிக்க மாட்டீங்க. ‘படகு வெளியே போகல சார். அப்பா கூலி வேலை தேடிப் போயிருக்காரு. நான் அம்மாகூட மண்ணு தள்ளப் போனேன்’னான். ஏரியோட வாசல் அடைச்சா, அந்த ஊர் அடுப்பு அடைஞ்சிருது. ஒரு குழந்தையோட பாடப் புத்தகம் மூடிக்குது. இதுதான் நடுவர் அவர்களே, இன்னைக்கு நம்ம தலைப்பு. (கைதட்டல்)

மழைக்காலத்துல ஆத்து வெள்ளம் வேகமா வந்து வாசலைத் திறந்து விடும். கோடையிலே வெள்ளம் இல்லை. அலை கொண்டு வர்ற மணல் கொஞ்சம் கொஞ்சமா மூடும். இது இயற்கை. ஆனா ஆத்துத் தண்ணியை மேலேயே தேக்கிட்டா வாசலைத் தள்ளித் திறக்க வேகம் எங்கே இருந்து வரும்? கடலுக்குள்ளே கல்லைக் கொட்டி அலைத்தடுப்பு கட்டினா மணலோட நடமாட்டம் மாறும். சென்னைக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். துறைமுகம் கட்டினாங்க, அதுக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமாச்சு. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கரையைக் கடல் தின்னுச்சு. ஒரு இடத்துல கல்லைப் போட்டா இன்னொரு இடத்துல வீடு போகும். கடல் கணக்குல தப்பே வராது. இப்போ எண்ணூர், காட்டுப்பள்ளின்னு வடக்கே வரிசையாத் துறைமுகம் வந்திருக்கு. வேண்டாம்னு சொல்ல வரலை. கல்லைப் போடறதுக்கு முன்னாடி, ‘இந்த மணல் எங்கே போகும், எந்த வாசலை மூடும்’னு ஒரு தடவை அந்த ஊர்ப் பெரியவரைக் கேளுங்கன்னு சொல்றேன். (கைதட்டல்)

இப்போ முதல் அணிக்கு வர்றேன். ‘பசிச்சவன்கிட்டப் போய் காப்பாத்துன்னு சொல்றது பாவம்’னு நண்பர் உருகினாரு. நியாயமான கேள்வி. ஆனா நண்பரே, காக்கறதை மீனவனுக்கு நாம கத்துக்குடுக்கலை. மீனவன்தான் நமக்குக் கத்துக்குடுத்தான். பழவேற்காட்டுல ‘பாடு’ன்னு ஒரு முறை இருக்கு. ஏரியிலே இறால் கிடைக்கிற இடம் எதுன்னு தெரியும். எல்லாரும் ஒரே நாள்ல போய் ஒரே இடத்துல வலை போட்டா அடிதடிதான். அதனால ஊர் கூடி, சீட்டுப் போட்டு, இன்னைக்கு இந்த இடம் இவங்களுக்கு, நாளைக்கு அவங்களுக்குன்னு முறை வச்சாங்க. நல்ல இடமும் சுமாரான இடமும் சுத்திச் சுத்தி எல்லாருக்கும் வரும். இலங்கையிலே நீர்கொழும்புக் களப்புலயும் இறால் வலைக்கு இதே மாதிரி சீட்டு முறை இருக்கு. எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லிக் குடுக்கலை. அளவோட எடு, அடுத்தவனுக்கும் விடு! இதுதானே ஐயா காப்பது? பிடிக்கிறதுக்குள்ளேயே காப்பதை வச்சவன் நம்ம பாட்டன். (கைதட்டல்)

அந்தப் பாட்டுலயும் ஒரு குறை உண்டு. அதை மறைச்சுட்டுப் பேசினா நியாயம் இல்லை. அந்தப் பாட்டுல எல்லா ஊருக்கும், எல்லா மக்களுக்கும் பங்கு கிடையாது. இருளர் மக்களைப் பாருங்க. வலை கிடையாது, படகு கிடையாது. வாயிலே பனையோலைப் பறியைக் கவ்விக்கிட்டு, கழுத்தளவு தண்ணியிலே ரெண்டு கையாலயும் சேத்தைத் தடவித் தடவி இறாலைப் பிடிப்பாங்க. பெண்களும் இறங்குவாங்க. கையாலத் தடவி ஒருத்தர் எவ்வளவு எடுத்துட முடியும்? ஏரிக்குக் கொஞ்சமும் கெடுதல் செய்யாத தொழில் அது. ஏரி கெட்டா முதல்ல பட்டினி கிடக்கிறதும் அவங்கதான். தண்ணியிலே எண்ணெய் மிதந்தா படகுக்காரர் கொஞ்சம் தள்ளியாவது போவாரு. பறியை வாயிலே கவ்வினவங்க எங்கே போவாங்க? 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் பரவிச்சே, வலையெல்லாம் கறுப்பாச்சே, அந்தப் பக்கத்து மீனை வாங்கவே ஜனம் யோசிச்சதே, ஞாபகம் இருக்கா? காப்பதுன்னு நான் சொல்றது இறாலை மட்டும் இல்லை. அந்தப் பறியையும் சேர்த்துத்தான். (பலத்த கைதட்டல்)

‘விசைப்படகு வச்சிருக்கிறவன் கடன்காரன், அவனைத் தடை போட்டு உட்கார வைக்கலாமா’ன்னு கேட்டாரு. தமிழ்நாட்டுல 2001-லே 45 நாள் தடைக்காலம் வந்தது. 2017-லே இருந்து 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. புள்ளைத்தாய்ச்சிக்குப் பேறுகால விடுப்பு குடுக்கறோமா இல்லையா? இது கடலுக்குக் குடுக்கிற பேறுகால விடுப்பு! (கைதட்டல்) அந்த 61 நாளும் மீனவக் குடும்பத்துக்கு நிவாரணம் நேரத்துக்கு வரணும், போதுமான அளவு வரணும். அதுக்காகக் குரல் குடுங்க, நானும் உங்க பக்கத்துல நிக்கறேன். விடுப்பையே எடுக்காதேன்னு மட்டும் சொல்லாதீங்க.

இன்னொண்ணு. இறாலுக்குப் போடற இழுவலையிலே இறால் மட்டுமா வருது? குஞ்சு மீன், குஞ்சு நண்டு எல்லாம் வருது. கடலாமையும் வருது. ஆமை மூச்சு விட மேலே வரணும்; வலையிலே மாட்டினா வர முடியாது. 2025 ஜனவரியிலே நம்ம சென்னை, திருவள்ளூர் கரையிலே நூத்துக்கணக்கான பங்குனி ஆமை செத்து ஒதுங்கிச்சு. ஆமைக்கும் நமக்கும் என்னன்னு கேட்காதீங்க. ஆமை தப்பிச்சுப் போக வலையிலே ஒரு வழி வைக்கிற கருவி இருக்கு. அது போதுமான அளவு இங்கே பயன்படலைன்னு சொல்லி, 2019-லே இந்தியக் கடல்ல பிடிச்ச இறாலை வாங்க மாட்டேன்னு அமெரிக்கா தடை போட்டது. ஆமையைக் காக்காததால நஷ்டப்பட்டது ஆமை மட்டும் இல்லை, இறால் பிடிச்சவரும்தான்! (கைதட்டல்)

நடுவர்: ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. இங்க ஆமை புகுந்த வலையே உருப்படலைங்கறீங்க. (பலத்த சிரிப்பு)

அதே ஐயா! இப்போ இரண்டாம் அணி. அந்த அம்மா வந்தாங்க. ‘கடல்ல எதுக்குப் பிடிக்கணும்? குளம் வெட்டு, குஞ்சு விடு, நாலு மாசத்துல டாலரை அள்ளு’ன்னாங்க. கேக்கவே இனிப்பா இருந்துச்சு. எழுந்து போய் வீட்டுக் கொல்லையிலே குளம் வெட்டலாமான்னு எனக்கே ஒரு நிமிஷம் தோணிச்சு. (சிரிப்பு)

அம்மா, அந்தக் குஞ்சு எங்கே இருந்து வந்தது? டைகர் இறால் பண்ணை வந்த காலத்துல, குஞ்சுப் பொரிப்பகத்துக்குத் தாய் இறாலைக் கடல்லேர்ந்துதான் பிடிச்சுக் குடுத்தாங்க. ஒரு தாய் இறாலுக்கு ஆயிரக்கணக்கிலே விலை. அதைத் தொட்டியிலே விட்டு, சீக்கிரம் முட்டை போடணும்னு அதோட ஒரு கண்ணை, கண் இருக்கிற தண்டோட நசுக்கி எடுத்தாங்க. முட்டை முதிராம தடுக்கிற சுரப்பு அந்தக் கண் தண்டுலதான் இருக்கு. ஒரு தாயோட கண்ணைக் குடுத்து வாங்கினது அந்தக் குஞ்சு. வங்காளத்துச் சுந்தரவனத்துல பெண்களும் பிள்ளைங்களும் கொசுவலை மாதிரி வலையை இழுத்து டைகர் குஞ்சைப் பொறுக்கினாங்க. மத்த மீன் குஞ்சையெல்லாம் கரையிலே கொட்டினாங்க. குளத்துல வளர்ந்தது ஒண்ணு. அதுக்காகக் கரையிலே செத்தது எத்தனையோ! குளம் கடலை மிச்சப்படுத்துச்சுன்னு சொன்னா நான் எப்படிம்மா நம்பறது?

‘அது பழைய கதை, இப்போ வன்னாமி’ன்னு சொல்வாங்க. ஒத்துக்கறேன். 2009-லே பசிபிக் கரையோர வன்னாமி இறால் இந்தியாவுக்கு வந்தது. நோய் இல்லாத தாய் இறாலை வெளிநாட்டுல இருந்து விமானத்துல கொண்டு வந்து, நம்ம சென்னை நீலாங்கரையிலே தனியா வச்சு, பரிசோதிச்சு, அப்புறம்தான் பொரிப்பகத்துக்குக் குடுக்கறாங்க. நல்ல ஏற்பாடு. நான் கேக்கறேன், அது என்ன ஏற்பாடு? காக்கற ஏற்பாடு! வளர்க்கறவனே காப்பாத்தினாத்தான் வளர்க்க முடியும்னு ஒத்துக்கிட்டான்! (பலத்த கைதட்டல்)

ஏன் ஒத்துக்கிட்டான்? பட்டுத் தெரிஞ்சுக்கிட்டான். தைவான் நாடு ஒரு காலத்துல டைகர் இறால் வளர்ப்புல உலகத்துக்கே வாத்தியார். 1987-லே உச்சி. அடுத்த வருஷமே நோய் வந்து, உற்பத்தி பாதிக்கும் கீழே போச்சு. குளத்துக்காகப் பூமியிலே இருந்து தண்ணியை உறிஞ்சி உறிஞ்சி, சில ஊர்ல தரையே இறங்கிப் போச்சு. அந்தப் பாடத்தைப் படிக்காம, 1990-கள்ல நம்ம ஆந்திரா, தமிழ்நாட்டுக் கரையிலே குளத்தை வெட்டித் தள்ளினாங்க. 1994-லே வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. ஓட்டுல வெள்ளையாப் புள்ளி விழும். ஒரு வாரம் பத்து நாளைக்குள்ளே குளமே காலி. ஒரு குளத்துத் தண்ணியை அவன் வாய்க்கால்ல விடுவான். அதே வாய்க்கால்லேர்ந்துதான் பக்கத்துக் குளத்துக்காரன் தண்ணி எடுப்பான். நோய்க்கு வீட்டு விலாசம் தேட வேண்டிய அவசியமே இல்லை. நகையை வித்துக் குளம் வெட்டினவங்க, கழுத்துல மஞ்சக் கயிறோட நின்னாங்க.

பக்கத்து வயல்காரன் கதை அதை விட மோசம். உப்புத் தண்ணி கசிஞ்சு நெல்லு வயல் கெட்டது. குடிக்கிற கிணறு கரிச்சது. நாகப்பட்டினம் பக்கத்துல சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயாவும் கிருஷ்ணம்மாள் அம்மாவும் ஊர் ஊராப் போய் அறப்போராட்டம் நடத்தினாங்க. ஐயா உச்ச நீதிமன்றத்துக்கே போனாரு. 1996 டிசம்பர் 11-ஆம் தேதி நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது தீர்ப்பு சொன்னாங்க. விளைநிலத்தை, உப்பளத்தை, அலையாத்திக் காட்டை, ஊர்ப் பொது நிலத்தை இறால் குளமாக்கக் கூடாதுன்னாங்க. நம்ம ஊர்க்காரங்க இதைக் காது குடுத்துக் கேளுங்க. சிலிகா ஏரியிலே இருந்தும் நம்ம பழவேற்காடு ஏரியிலே இருந்தும் 1000 மீட்டருக்குள்ளே இறால் குளமே கூடாதுன்னு பேரைச் சொல்லி எழுதினாங்க! தில்லியிலே உட்கார்ந்திருந்த நீதிபதிக்கு நம்ம ஏரியோட அருமை தெரிஞ்சிருக்கு. (கைதட்டல்) அதே தீர்ப்பு பாரம்பரிய முறையிலே வளர்க்கறதைத் தடுக்கலை. அப்புறம் 2005-லே கடலோர நீருயிர் வளர்ப்புக்குச் சட்டம் வந்தது. பதிவு பண்ணு, கழிவு நீரைச் சுத்தம் பண்ணு, வன்னாமியை ஒரு சதுர மீட்டருக்கு 60-க்கு மேல விடாதேன்னு அளவு வந்தது. ஒழுங்கா நடத்தற பண்ணைக்காரருக்கு நான் கைகூப்பறேன். அவரு என் அணி! (சிரிப்பு)

டாலர் விஷயத்துக்கு ஒரு வார்த்தை. நம்ம இறாலை அதிகமா வாங்கறது அமெரிக்கா. 2025 ஆகஸ்ட்ல அந்த நாடு வரியை 50 சதவீதமாக்கினப்போ, ஆந்திராக் குளத்துக்காரர் தூக்கம் தொலைச்சாரு. எங்கேயோ ஒருத்தர் கையெழுத்துப் போட்டா இங்கே குளத்துல விலை விழுது. பழவேற்காட்டுல பிடிச்ச இறாலைக் கூடையிலே வச்சு, பொன்னேரி சந்தையிலே விக்கிற அம்மாவுக்கு அந்தக் கவலை உண்டா? ‘வாங்கறியா இல்லையா, காலையிலே இருந்து தொட்டுப் பார்த்துட்டே இருக்கே’ன்னு அவங்கதான் நம்ம மேல வரி போடுவாங்க! (பலத்த சிரிப்பு)

எதிரணியிலே ஒருத்தர் கடைசியா ஒரு அம்பு விட்டாரு. ‘ஏரி போனாப் போகட்டும். கும்மிடிப்பூண்டியிலே சிப்காட் இருக்கு. கம்பெனி வேலைக்குப் போகட்டுமே’ன்னாரு. நடுவர் அவர்களே, இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இன்னைக்கு மேடை ஏறினேன்.

மீனவர் வீட்டுப் பிள்ளை கம்பெனிக்குப் போகட்டும், என்ஜினீயர் ஆகட்டும், என் மாணவர்களே எத்தனையோ பேர் போயிருக்காங்க, பெருமைப்படறேன். ஆனா நாப்பத்தஞ்சு வயசு, வலையைத் தவிர வேறெதுவும் பிடிக்காத கை, எந்தக் கம்பெனி கேட்டுல ஐயா உள்ளே விடுவாங்க? அவரு கிட்ட ஒரு சான்றிதழ் உண்டா? காத்தைப் பார்த்து, தண்ணி நிறத்தைப் பார்த்து, இன்னைக்கு இறால் எந்தப் பக்கம்னு சொல்வாரே, அதுக்கு எந்தப் போர்டு மார்க் போடும்? இறாலைத் தரம் பிரிக்கிற அம்மா, கூடையைச் சுமந்து ரோடு ரோடா விக்கிற அம்மா, அறுபது வயசிலயும் பேரனுக்கு நோட்டு வாங்கிக் குடுக்கிற பாட்டி, இவங்களுக்கெல்லாம் எந்த ஷிப்டு? கம்பெனி பத்து வருஷத்துல வேற மாநிலத்துக்குப் போகலாம். ஏரியை வேற மாநிலத்துக்கு மாத்த முடியுமா? தொழிற்சாலை வேணும். அதோட கழிவு ஏரிக்கு வரக் கூடாது. ரெண்டும் சேர்ந்து இருந்தாத்தான் இந்த மாவட்டம் பிழைக்கும். (பலத்த கைதட்டல்)

‘சரிப்பா, நாங்க என்ன செய்யணும்?’னு தாய்மார்கள் கேக்கறீங்க. உங்க கையிலேதான் சட்டி இருக்கு, அதனால சட்டமும் உங்க கையிலே! (சிரிப்பு) மூணே மூணு விஷயம்.

ஒண்ணு. சந்தையிலே நண்டு வாங்கும்போது அடிவயித்தைத் திருப்பிப் பாருங்க. வெளியிலே கொத்தா, மஞ்சளாவோ கறுப்பாவோ முட்டை ஒட்டியிருந்தா அது சினை நண்டு. மஞ்சள் இளம் முட்டை. கறுத்துட்டா பொரியற நேரம். ‘சினை இருந்தா ருசி’ன்னு கேட்டு வாங்காதீங்க. நீங்க கேக்கலைன்னா அவங்க கொண்டு வர மாட்டாங்க. கேக்கற வாய்தான் பிடிக்கிற கை.

ரெண்டு. நண்டைக் கையிலே தூக்கிப் பாருங்க. லேசா இருந்தா, அது ஓட்டைக் கழட்டிப் புது ஓடு போட்ட நண்டு. உள்ளே தண்ணிதான் இருக்கும், சதை இருக்காது. குழம்பு வச்சா குழம்புலயே தேடணும். அதே நண்டைச் சில வாரம் தீனி போட்டு வச்சா சதை கட்டும், எடை ஏறும், நல்ல விலை போகும். அதுக்குப் பேர் நண்டு கொழுக்க வைக்கிறது. ‘நண்டு கொழுத்தா வளையிலே தங்காது’ன்னு பழமொழி சொல்வாங்க. இந்த நண்டு கொழுத்தா மீனவர் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்துல தங்கும்! (பலத்த கைதட்டல்)

மூணு. ‘குஞ்சு இறால் வாங்காதீங்க’ன்னு நான் சொன்னதும் ஒரு அம்மா, ‘அப்போ சென்னாக்குன்னியும் வாங்கக் கூடாதா?’ன்னு முகத்தைச் சுருக்கினாங்க. பயப்படாதீங்கம்மா. சென்னாக்குன்னி இறாலோட குஞ்சு இல்லை. அது தனிச் சாதி. வளர்ந்து தாத்தா ஆனாலும் அவ்வளவுதான் இருக்கும்! (சிரிப்பு) தாராளமா வறுத்துச் சாப்பிடுங்க. ஆனா வெள்ளை இறாலும் டைகரும் சுண்டு விரல் அளவிலே குவிச்சு வச்சா, ‘இதை இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா பெரிசாயிருக்குமேப்பா’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நம்ம தாய்மார்கள் பேரம் பேசறதுல கெட்டிக்காரங்க. அந்தப் பேரத்தை இறாலுக்காகவும் ஒரு தடவை பேசுங்க.

அரசாங்கம் செய்யறதும் இருக்கு. மண்டபத்துல மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இறால் குஞ்சைப் பொரிக்க வச்சு, குளத்துல விடாம, பாக் நீரிணைக் கடல்லயே கொண்டுபோய் விடுது. 1987-லே இருந்து உவர்நீர் மீன்வளர்ப்புக்கு ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் நம்ம சென்னையிலேயே இருக்கு. இதே பொன்னேரியிலே மீன்வளக் கல்லூரி இருக்கு. படிச்சவங்க இருக்காங்க, பாடு தெரிஞ்ச பெரியவங்க இருக்காங்க. ரெண்டு பேரும் ஒரே மரத்தடியிலே உட்கார்ந்து பேசினா போதும். இந்த ஏரி பிழைச்சுக்கும்.

நடுவர் அவர்களே, முடிக்கிறேன். வலை இறாலை எடுக்கும், உண்டாக்காது. குளம் இறாலைப் பெருக்கும், ஆனா நல்ல தண்ணியை உண்டாக்காது. ரெண்டுக்கும் அடியிலே ஒரு உயிருள்ள கடல், ஒரு உயிருள்ள ஏரி, நடுவிலே திறந்த ஒரு வாசல் வேணும். அது இருந்தா பிடிக்கலாம், அது இருந்தா வளர்க்கலாம். அது இல்லைன்னா வலை வெறும் நூலு; குளம் வெறும் பள்ளம்! (பலத்த கைதட்டல்)

ஆகவே, கடலோரக் குடும்பத்தின் நாளைய சோற்றுக்கு வழி காப்பதே, காப்பதே என்று நல்லதொரு தீர்ப்பை வழங்குமாறு நடுவர் அவர்களைப் பணிவோடு கேட்டு, பிரசவத்துக்குப் போகிற தாய்க்கு வழி விட்டு எழுந்து நிற்கிற நம் தமிழ்ப் பண்பாடு இறாலுக்கும் நண்டுக்கும் வழி விடட்டும் என்று சொல்லி அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)